வாகனத்திலிருந்து சுட அனுமதி

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

காலையிலிருந்து தூறல். மனைவி செலின் வேலைக்குப் போய்விட்டாள். நான் வழக்கம்போல யன்னலோரம், சக்கர நாற்காலியில், றோட்டைப் பார்த்துக்கொண்டு. இரண்டு வருடமாக இதுதான் உத்தியோகம். அன்று, மழைத்தண்ணீர் ஓடுகிற கூரைப் பீலியில் அடைத்திருந்த இலையை எடுக்க ஏறினேன். ஊரில் பனை ஏறவில்லை, தென்னை ஏறவில்லை, இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங்கில் ஏணி ஏறி விழுந்தேன். முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே எல்லாம் இருக்கிறது. என் சொல் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பென்ட் வந்தான். யன்னல் செய்கிற தொழிற்சாலையில் என்னோடு ஒரே மெஷினில் நின்றவன். என்னை முதன்முதலில் காட்டுக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான். அவனும் கார்ஸ்ரனும் யோர்னும் நானும் சேர்ந்து ஹேர்னிங்குக்கு வடக்கே ஒரு காட்டை வேட்டைக்குக் குத்தகையாக எடுத்திருக்கிறோம். நான் விழுந்த பிறகும் என் இடத்தை அவர்கள் வேறு ஆளுக்குக் கொடுக்கவில்லை. அதைப் பற்றிக் கதைப்பதுமில்லை.

ஈரச் சப்பாத்தோடு குசினிக்குள் நின்று மான் இறைச்சிப் பொதியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சொன்னான்: "உடம்பு ஏலாத ஆட்களுக்கு வாகனத்துக்குள் இருந்தபடியே சுட அனுமதி கொடுக்கிறார்கள், தெரியுமா? மற்றவன் செய்தால் குற்றம். உனக்குக் கிடைக்கும். கேட்டுப் பார்."

அவன் போன பிறகு அனுமதி கொடுக்கிற அலுவலகத்தின் போன் இலக்கத்தைத் தேடி எழுதி வைத்தேன். 

எங்கள் சனத்துக்கு இந்த ஆசை விளங்காது. எங்கள் மாதா கோயிலுக்கு வருகிற றொபேட் காணும்போதெல்லாம் பகிடி பண்ணுவான்: "துவக்குச் சத்தத்துக்கு ஓடி வந்து, இஞ்ச வந்து தானே துவக்கு வாங்கின ஒரே தமிழன் எங்கட நீக்கிலாஸ் அண்ணைதான்." சொல்லட்டும். சுடுவது ஒரு கணம். மிச்சமெல்லாம் சும்மா இருப்பது. விடிகிற நேரம் மரத்தோடு சாய்ந்திருந்தால் ஒருத்தரும் என்னிடம் எந்த நாடு, எத்தனை வருடம், திரும்பிப் போவாயா என்று கேட்பதில்லை. அந்தக் காட்டில் மட்டும்தான் நான் விருந்தாளி இல்லை.

செலினுக்குத்தான் பிடிக்காது. நான் துவக்குத் துடைக்கும்போது மாடிக்குப் போய்விடுவாள். மன்னாரில் துவக்கோடு வந்தவர்கள் அவளுடைய தமையனைக் கொண்டுபோன நாளைப் பற்றி எனக்கு ஒரு முறைதான் சொன்னாள். நான் திரும்பக் கேட்டதில்லை.

21 ஆகஸ்ட், புதன்

வேட்டை அனுமதி அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை பொறுமையாகக் கேட்டாள். விண்ணப்பத்தோடு டொக்டரின் அறிக்கையும் வேண்டுமாம். எவ்வளவு நடப்பேன், எவ்வளவு நிற்பேன், எது ஏலாது என்று.

ஊன்றுகோல் இரண்டும் கட்டிலுக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடந்தன. தெரப்பியில் பழகியவை. சுவரைப் பிடித்து நிமிர்ந்து, இடுப்பால் காலை எறிந்து எறிந்து, வரவேற்பறையிலிருந்து குசினி வாசல்வரை ஒருக்கால் போகலாம். போய்ச் சேர்ந்தால் அன்றைய நாள் அத்தோடு சரி. இன்று போனேன். நாளைக்கும் போவேன். டொக்டரிடம் போகிற அன்று என்னை மூட்டை மாதிரித் தள்ளிக்கொண்டு போக விடமாட்டேன்.

5 செப்டம்பர், வியாழன்

வெள்ளைச் சேட், கழுத்துப்பட்டி, மகனின் கலியாணத்துக்குப் போட்ட கோட்.

"டொக்டரிட்டையோ போறியள், பொம்பிளை பாக்கவோ?" என்று செலின் கேட்டாள்.

காரிலிருந்து டொக்டரின் அறைவரை ஊன்றுகோலில் நடந்தேன். முழுக்க! வழியில் நின்ற ஒரு டெனிஷ்காரன் கதவைத் திறந்து பிடித்தான், "நன்றி, நானே பார்க்கிறேன்" என்று அவனையும் அனுப்பிவிட்டேன். முதுகால் வேர்வை ஓடியது. கோட் மறைத்தது.

புது டொக்டர், இளம் பெண். எப்படிப் போகிறது என்று கேட்டாள். நன்றாகப் போகிறது என்றேன். படி ஏறுவீர்களா? மெல்ல மெல்ல. உடுப்புப் போடுவது? நானேதான். வீட்டில் உதவி? மனைவி இருக்கிறாள், ஆனால் பெரிதாகத் தேவையில்லை. அவள் கீபோர்ட்டில் தட்டிக்கொண்டே "மிகவும் அருமை" என்று சிரித்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில்கூட ஒருத்தரும் என்னை இப்படிப் புகழ்ந்ததில்லை.

வெளியே வந்ததும் செலின் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் உப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பின்ன என்ன, ஐயோ அம்மா எண்டு அவளுக்கு முன்னால அழச் சொல்லுறீரோ?"

"நீங்கள் சொல்லுறதைத்தான் அவ எழுதுவா."

எழுதட்டுமே. நல்லதாகத்தானே எழுதுவாள்.

7 செப்டம்பர், சனி

எழும்ப ஏலவில்லை. முதுகு கொதிக்கிறது. ஆனால் நடந்தேன்.

17 அக்டோபர், வியாழன்

மறுத்துவிட்டார்கள்.

"டொக்டரின் அறிக்கைப்படி விண்ணப்பதாரர் ஊன்றுகோலுடன் நடக்கிறார், படி ஏறுகிறார், அன்றாட அலுவல்களைத் தாமே கவனிக்கிறார். ஆகவே வாகனத்திலிருந்து வேட்டையாட விசேட தேவை இருப்பதாகத் தெரியவில்லை." மிகவும் மரியாதையான கடிதம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே அந்தப் பூசாரி நான்தான்.

செலின் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று வாசித்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். இந்தக் கடிதங்களின் மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"எங்கட இல்லத்தில இருக்கிற டெனிஷ்காரக் கிழவியள், நகரசபையில இருந்து ஆள் வந்தா, எனக்கு இது ஏலாது, அது ஏலாது, இஞ்ச நோகுது, அங்க நோகுது எண்டு ஒண்டும் விடாமச் சொல்லுங்கள். எங்கட ஆக்கள்தான், சாகக் கிடந்தாலும் சுகமா இருக்கிறம் எண்டுவினம். மோசமான நாளைத்தான் சொல்லவேணும். கோட் போட்ட நாளை இல்லை."

"நீர் அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான்."

ஓம். சொன்னவள்தான்.

19 அக்டோபர், சனி

பென்ட் கடிதத்தை வாசித்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டான்: "ஏன் பொய் சொன்னாய்?"

பொய்யா? நான் பொய் சொல்லவில்லை. அது மரியாதை. ஒரு படித்த பெண், வெள்ளைக்காரி, அந்நியள் — அவளுக்கு முன்னால் என் இயலாமையை அவிழ்த்துக் காட்டுவதா? இதை டெனிஷில் எப்படிச் சொல்வது? "எனக்கு அப்படி வந்துவிட்டது" என்றேன். "மறுபடி போய் உண்மையைச் சொல், அவ்வளவுதான்" என்றான். அவ்வளவுதானாம்.

23 நவம்பர், சனி

இன்று அவர்களின் பெரிய வேட்டை. என்னையும் வரச் சொன்னார்கள் — காட்டுக் குடிலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு. "உன் கோழிக்கறி இல்லாமல் என்ன வேட்டை?" என்று கார்ஸ்ரன் போனில் சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

குடிலுக்கு மூன்று படி. நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள். பென்ட் ஒரு பக்கம், கார்ஸ்ரன் ஒரு பக்கம், யோர்ன் பின்னால். "ஒன்று, இரண்டு, மூன்று!" மேலே வந்ததும் கார்ஸ்ரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றான். நான் பார்க்காத மாதிரி வெங்காயத்தை எடுத்து வெட்டத் தொடங்கினேன்.

அவர்கள் போன பிறகு தூரத்தில் வெடிச் சத்தங்கள் கேட்டன. எது யாருடையது என்று என்னால் சொல்ல முடியும். பென்ட் ஒன்று. யோர்ன் இரண்டு, இரண்டாவது அவசரப்பட்டது. கறி கொதித்துக்கொண்டிருந்தது. மிளகாய்த் தூளை இன்னும் கொஞ்சம் போட்டேன். மத்தியானம் திரும்பி வந்து அவர்கள் மூக்கைச் சீறிச் சீறித் தின்றார்கள், உலகத்திலேயே சிறந்த கறி என்றார்கள்.

சமையல்காரன். சரி, அதுவும் ஒரு வேலைதானே. ...இல்லை. சரியில்லை. எனக்கு விசர் பிடிக்குது.

10 டிசம்பர், செவ்வாய்

எல்லாத்தையும் சொல்லிப்போட்டாள் செலின். எல்லாத்தையும்!

மறுபடி விண்ணப்பிக்கப் புது அறிக்கை வேண்டும். அதே டொக்டர், அதே அறை. இந்த முறை சக்கர நாற்காலியில்தான் போனேன். எப்படிப் போகிறது என்று அவள் கேட்க, நான் வாய் திறந்தேன். என்ன வந்திருக்கும்? மறுபடியும் "நன்றாக" என்றுதான் வந்திருக்கும். செலின் என் கையின் மேல் கை வைத்துவிட்டு, தான் பேசத் தொடங்கினாள். அவளுடைய டெனிஷ் என்னுடையதைவிடத் திறம். முதியோர் இல்லத்தில் ஒரு நோயாளியைப் பற்றி அடுத்த ஆளிடம் ஒப்படைப்பார்களே, அந்தக் குரல்.

மூத்திரக் குழாய். படுக்கைப் புண். இரவில் திருப்பிப் படுக்க வைப்பது. கால் தன் பாட்டில் வெட்டி வெட்டி இழுப்பது. குளியலறையில் விழுந்து, அவள் வேலை முடிந்து வரும்வரை ஈரத் தரையில் நான் கிடந்தது — மகனுக்குக்கூட நாங்கள் சொல்லாத விஷயம் அது. கடைசியில், "போன முறை இங்கே வர இவர் இரண்டு கிழமை பழகினவர். பிறகு மூன்று நாள் கட்டிலைவிட்டு எழும்பவில்லை" என்றாள்.

நான் சுவரில் காய்ச்சல் தடுப்பூசி விளம்பரத்தை வாசித்தேன். அதில் ஒரு கிழவன் சிரித்துக்கொண்டு சைக்கிள் ஓடுகிறான். டொக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. நீண்ட நேரம் தட்டினாள்.

காருக்குள் செலின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு வேற வழி தெரியேல்லை" என்றாள்.   நான் கேட்டதைத்தானே அவள் வாங்கித் தரப் பார்க்கிறாள். ஆனா அப்பிடி உரிச்சுப் போட்டு...

13 டிசம்பர், வெள்ளி

செலினோடு இன்னும் கதைக்கவில்லை. சாப்பாடு வைக்கிறாள், சாப்பிடுகிறேன். கழுவிவிடுகிறாள், கண்ணை மூடிக்கொள்கிறேன். கோபித்துக்கொண்டு எழும்பிப் போவதற்கும் கால் வேண்டும்.

4 பெப்ரவரி 2025, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது.

நிறுத்திய வாகனத்திலிருந்து, என்ஜினை அணைத்து, எங்கள் காட்டு எல்லைக்குள் மட்டும் சுடலாம். ஒரு நிபந்தனை: வேட்டை உரிமம் உள்ள ஒருவர் என்னோடு எப்போதும் இருக்க வேண்டும். காயப்பட்ட மிருகத்தைப் பின்தொடர்ந்து போய் முடிக்கக்கூடிய ஒருவர். அது நியாயம்தான். வேதனையோடு ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவன் வேட்டைக்காரன் இல்லை. பென்ட் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே அதுதான்.

செலின் வாசித்துவிட்டு, "சந்தோஷமோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான். எவ்வளவு இயலாதவன் என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கும் சேர்த்து.

16 பெப்ரவரி, ஞாயிறு

பென்ட் வீட்டில் கூட்டம். மே மாதம் ஆண்மான் பருவம் தொடங்குகிறது, அதற்கு ஆயத்தம். கோப்பி, கேக்.

கார்ஸ்ரன் ஒரு தாளை எல்லோருக்கும் நீட்டினான். கொம்பியூட்டரில் செய்து, ஆளுக்கொரு நிறம் போட்டிருந்தான். தலைப்பு: "நீக்கிலாஸோடு இருப்பவர்." பென்ட் நீலம், கார்ஸ்ரன் பச்சை, யோர்ன் மஞ்சள். யார் எந்த நாள் காலையில் என்னோடு வண்டிக்குள் இருப்பது என்று முறை. எனக்கு நிறம் இல்லை.

அவர்கள் நல்லவர்கள். திரும்பத் திரும்ப எழுதுகிறேன், நல்லவர்கள். என்னோடு இருக்கிற காலைகளில் அவர்கள் தாங்கள் வேட்டையாட மாட்டார்கள். பருவமோ கொஞ்ச நாள்தான். அதையும் விட்டுத் தரப் பார்க்கிறார்கள். யோர்ன்தான் இழுத்து இழுத்துக் கேட்டான், முதல் நாள் காலை அவனுடைய மருமகன் வருகிறானாம், தன் முறையை மாற்றலாமா என்று. "தாராளமாக" என்றேன். "உனக்குப் பரவாயில்லையே?" என்றான். "தாராளமாக, தாராளமாக."

அந்தத் தாளைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டினேன். வேறு எங்கே வைப்பது?

17 பெப்ரவரி, திங்கள்

வேலையால் வந்தவள் பால் எடுக்கப் போய் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"உது என்ன?"

"முறை. ஆர் என்னோட இருக்கிறது எண்டு."

"எங்கட இல்லத்திலயும் உப்பிடித்தான். அஞ்சாம் அறைக்கு ஆர், ஆறாம் அறைக்கு ஆர். நிறம்கூட உதுதான்." காந்தத்தைக் கழற்றி, தாளை நாலாக மடித்துக் குப்பைக்குள் போட்டாள். முகம் சிவந்திருந்தது. "உங்களை ஒருத்தரும் முறை வைச்சுப் பாக்கத் தேவையில்லை."

"அப்ப நான் எப்பிடிப் போறது?"

"நான் படிக்கிறன்."

"என்னத்தை?"

"வேட்டைச் சோதினை. உரிமம் எடுத்துக்கொண்டு நானே உங்களோட வாறன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தவள், என்ன எடுக்க வந்தாள் என்பதை மறந்து மறுபடி மூடினாள்.

2 மார்ச், ஞாயிறு

தமிழ்ப் பூசை. ஹேர்னிங்கில் ஒரு விஷயம் தெரிய வேண்டுமென்றால் கோயில் முற்றத்தில் ஒருத்தரிடம் சொன்னால் போதும். அடுத்த நகரமான விபோர்க்குக்கும் சேர்த்துப் போய்விடும்.

றொபேட் ஓடி வந்தான். "அண்ணை, அக்கா துவக்குத் தூக்கப் போறாவாம், மெய்யோ? இனி வீட்டில கவனமா இருங்கோ, கறிக்கு உப்புக் கூட எண்டு வாய் திறந்திடாதேங்கோ!" எல்லோரும் சிரித்தார்கள். செலினும் சிரித்தாள். 

வேண்டாம் என்று நான் அவளிடம் சொன்னேனா? சொன்னேன். எத்தனை தரம்? ஒரு தரம். பலமாகவா? இல்லை. பலமாகச் சொன்னால் அவள் விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

22 மார்ச், சனி

அவளுக்கு இன்று சுடு பயிற்சி. என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். வந்து நேரே குசினிக்குள் போய் அரிசி கழுவினாள். மூன்று தரம், நாலு தரம், தண்ணீர் தெளிந்த பிறகும்.

"எப்பிடி இருந்தது?"

"சத்தம் வர முன்னம் கண்ணை மூடிப்போடுறன். ரீச்சர் சொல்லுறார், மூடாத எண்டு."

"பழகீடும்."

"ஓம். பழகீடும்." அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாம்தான் பழகினது."

இரவுச் சாப்பாட்டின்போது மேசையில் வாத்துகளின் படங்களைப் பரப்பி வைத்துப் பெயர் மனப்பாடம் செய்தாள். எது சுடலாம், எது சுடக்கூடாது. என்னைவிடக் கெதியாகப் படிக்கிறாள். நான் முதல் தரம் கோட்டை விட்டவன்.

6 மே, செவ்வாய்

பாஸ். துவக்குச் சோதினையும் சேர்த்து, இரண்டும் முதல் தரத்திலேயே. பென்ட் பூங்கொத்தோடு வந்தான். அவள் பூவை வாங்கித் தண்ணீரில் வைத்துவிட்டு, "எனக்கு வேலைக்கு நேரமாகுது" என்று போய்விட்டாள்.

17 மே, சனி

காடு!

விடியுமுன்பே வண்டியைப் புல்வெளியின் ஓரமாக, ஊசியிலை மரங்களைப் பார்த்து நிற்பாட்டினாள். பக்கக் கதவைத் திறந்தாள். நாற்காலிச் சில்லுகளைப் பூட்டினாள், துவக்கைத் தாங்க மணல் பை வைத்தாள். பிறகு முன் இருக்கையில் போய் இருந்தாள். பனி. ஈர மண் மணம். ஒரு குயில் — இங்கத்தைக் குயில் — கூவிற்று. நான் மறந்தே போயிருந்தேன், காட்டில் வெளிச்சம் மேலிருந்து வராது, கீழே புல்லிலிருந்து எழும்பி வரும். 

செலின் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அதிலேயே மணி மணியாய்ச் சத்தம். நான் திரும்பிப் பார்க்க, பையில் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தால் மூடி திறக்கிற சத்தம். பிட்டும் மீன் பொரியலும்! மணம் அந்தக் காடு முழுக்கப் போயிருக்கும்.

"இனி மான் ஸ்வீடனிலதான் நிக்கும்" என்றேன்.

"கதைக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? பேசாமத் தின்னுங்கோ."

ஒன்றும் வரவில்லை. விழுந்த பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. திரும்பி வரும்போது அவளுக்கும் சொன்னேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தவளின் முகம் மலர்ந்தது.

7 ஜூன், சனி

எழுதத்தான் வேணும். எழுதாமல் நித்திரை வராது.

அதே இடம். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரம். மரங்களுக்குள்ளிருந்து ஒரு ஆண்மான் வந்தது, சிவந்த தோல், நல்ல கொம்பு. புல்லை மேய்ந்து மேய்ந்து பக்கவாட்டாகத் திரும்பியது. துவக்கு மணல் பையில் அசையாமல் இருந்தது. மூச்சை விட்டேன். விரலை இழுக்கத் தொடங்கிய அந்தக் கணம் — கால். சனியன் பிடிச்ச இடது கால் வெட்டி இழுத்தது. நாற்காலி குலுங்கியது, வெடி கிளம்பிவிட்டது.

மான் முதுகை வளைத்துத் துள்ளி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு மரங்களுக்குள் போயிற்று. பின்னுக்குப் பட்டுவிட்டது. வயிற்றிலோ இடுப்பிலோ. எனக்கு உடனே தெரியும்.

பென்ட்டுக்கு அடித்தேன். அவன் காட்டின் மறுபக்கத்தில் இருந்தான். எடுக்கவில்லை; வேட்டை நேரம் போனை நிற்பாட்டிவிடுவான். நாய்க்காரனுக்கு அடித்தேன், காயப்பட்டதைத் தேடித் தருகிறவன். ஒரு மணித்தியாலமாவது ஆகும் என்றான். செலின் ஏற்கனவே இறங்கி நின்றாள்.

"எவடத்தில அடிபட்டது எண்டு பாத்துக்கொண்டு வாறன்."

"மரம் வரைக்கும் போம். உள்ளுக்குப் போகவேண்டாம்."

துவக்கைக் குடுத்தேன். நான் என் கையாலேயே குடுத்தேன். அவள் வாங்கி, அவர்கள் சொல்லிக் கொடுத்த மாதிரி, துவக்கின் வாயை நிலத்துக்குப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதியோர் இல்லத்து வெள்ளைச் சப்பாத்து, பச்சை மழைக்கோட். புல் அவளின் முழங்கால்வரை. மரத்தடியில் குனிந்தாள். பிறகு உள்ளே போனாள். காணவில்லை.

போன் அடித்தது.

"கிடக்குது." குசுகுசுத்தாள். "இஞ்ச, கிட்டத்தான். எழும்பப் பாக்குது, பின்னங்கால் ரெண்டும் எழும்புதில்லை. முன்னங்காலால இழுக்குது."

"செலின், திரும்பி வாரும். நாய்க்காரன் வருவான்."

"என்னைப் பாக்குது."

"வாரும் எண்டுறன்!"

"ஒரு மணித்தியாலம் இது இப்பிடிக் கிடக்கவோ? நான் நிண்டு பாத்துக்கொண்டு நிக்கவோ?"

கதவு திறந்தே இருந்தது. சாய்பலகை இறக்கியே இருந்தது. இறங்கினால் சில்லு ஈர மண்ணில் புதையும், ஒரு அடி போகாது. இரண்டு கையாலும் சில்லைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினேன், பின்னுக்கு இழுத்தேன். "நான் வாறன், நான் வாறன்" என்று கத்தினேன். எங்க வாறது? மூதேவி, எங்க வாறது?

போன் நின்றுவிட்டது.

ஒன்றும் கேட்கவில்லை. குயில்கூட இல்லை. அம்மா மாதாவே, அவள் திரும்பி வரட்டும், சுடாமல் வரட்டும் என்று கேட்டேன். பிறகு, சுட்டு முடியட்டும் என்றும் கேட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன்.

ஒரு வெடி. ஒன்றுதான்.

வெகு நேரத்துக்குப் பிறகு மரங்களுக்குள்ளிருந்து வந்தாள். துவக்கைத் திறந்து, வெறுமையாக்கி, என்னிடம் தந்தாள். போத்தல் தண்ணீரால் கையைக் கழுவினாள். கையில் ஒன்றுமே இல்லை, இருந்தும் கழுவினாள்.

"முடிஞ்சுது" என்றாள். பிறகு, "கண்ணை மூடேல்லை நான்" என்றாள்.

8 ஜூன், ஞாயிறு

பெந்தகோஸ்துத் திருநாள். செலின் பூசைக்கு வந்தாள், பாடினாள், ஆனால் நற்கருணை எடுக்க எழும்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

13 ஜூன், வெள்ளி

பென்ட் அந்த மானின் இறைச்சியை வெட்டிக் கொண்டுவந்து தந்தான். "உன் மனைவி செய்தது சரியான காரியம். எங்களில் யாரும் இதைவிடத் திறமாகச் செய்திருக்க முடியாது" என்றான். அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். தலையாட்டினாள். சமைத்தாள். எனக்குப் போட்டாள், தனக்குச் சம்பலும் பாணும் எடுத்தாள்.

எனக்கு இனிக் காடு வேண்டாம். எழுதிப் பார்க்கிறேன், எப்படி இருக்கிறதென்று. எனக்கு இனிக் காடு வேண்டாம். ஓம், உண்மைதான். இந்தக் காலை நம்பி நான் இனி எந்த உயிரையும் குறி பார்க்க மாட்டேன். அவளை அந்த மரங்களுக்குள் இன்னொரு தரம் அனுப்ப மாட்டேன். நாளைக்கு அவளிடம் சொல்லவேண்டும்.

21 ஜூன், சனி

சொல்ல ஒரு கிழமை எடுத்தது. இன்று விடியத்தான் சொன்னேன். அதற்குள் அவள் எழும்பி, போத்தலில் தேத்தண்ணி ஊற்றி, வண்டியையும் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இன்றைய வேலையை வேறு யாருக்கோ மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

"செலின், விடுவம். எனக்குக் காணும். துவக்கைப் பென்ட்டிட்டைக் குடுத்துவிடுவம்."

மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றவள் அப்படியே நின்றாள்.

"என்ன சொல்லுறியள்?"

"எனக்கு இப்ப ஆசை இல்லை. உண்மையாத்தான்."

"எனக்காகச் சொல்லாதேங்கோ."

"உமக்காக இல்லை."

"அந்த டொக்டருக்கு முன்னால உங்கட மானத்தை வித்தனான். துவக்குத் தொட்டனான். அந்தச் சீவன் என்னைப் பாத்துக்கொண்டிருக்க, நான் அதைச் சுட்டனான்." குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எல்லாம் நீங்கள் காட்டுக்குப் போகவேணும் எண்டுதான். இப்ப நீங்கள் விட்டா, நான் அதை ஏன் செய்தனான்? சொல்லுங்கோ. ஏன் செய்தனான்?"

நான் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினேன். 

குனிந்து என் காலைத் தூக்கிச் சப்பாத்தைப் போட்டுவிட்டாள். முதலில் இடது, பிறகு வலது. வாரை இறுக்கினாள். நாங்கள் காட்டுக்கு வெளிக்கிட்டோம்.